பத்துப் பேரும் சுகமானார்கள்: நன்றியுணர்வும் உடல்நலமும்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள வல்லம் ஒன்றியத்து ஊர்களில் மல்லாட்டையும் உளுந்தும் நெல்லும் விளைகின்றன. ஏரி நிரம்பினால் அந்த ஆண்டு ஓடிவிடும், நிரம்பாவிட்டால் கடன்தான். இந்த வட்டாரத்துச் சபைகளின் ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் உண்டு. ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரும், பிரசவத்தில் பிழைத்தவரும், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட தாயும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்வார்கள். கேட்பவர் மனம் நெகிழும். அந்தச் சாட்சிகளில் இரண்டு கூற்றுகள் கலந்து வருவதைக் கவனிக்கலாம். சுகம் கிடைத்ததால் நன்றி சொல்கிறேன் என்பது ஒன்று. நன்றி சொல்லிக்கொண்டே இருந்ததால் சுகம் கிடைத்தது என்பது மற்றொன்று.

முதலாவது வழிபாடு. அதில் ஆராய ஒன்றுமில்லை. இரண்டாவது மனித உடலைப் பற்றிய கூற்று. அதைச் சோதித்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஏனென்றால் அது உண்மையானால் ஒவ்வொரு வீட்டுக்கும் பயன்படும். பாதி உண்மையானால், மீதிப் பாதி யாரோ ஒரு நோயாளியின் தலையில் பழியாக விழும்.

நன்றியுணர்வு உடலுக்கு நன்மை செய்கிறது என்பதற்கு இன்று மருத்துவ ஆதாரம் இருக்கிறது. அந்த நன்மை உண்மையானது; ஆனால் அளவானது. வேதமும் நன்றியைக் கேட்கிறது. ஆனால் எந்த இடத்திலும் அதைச் சுகத்துக்கு விலையாக வைக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால்தான் நம் சபைகள் நோயாளிகளுக்கு உண்மையாக உதவ முடியும்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

இந்த மண்ணின் கிறிஸ்தவ வரலாறும் மருத்துவ வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை. 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்தவர் மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடர். அவருடைய பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் அந்த மிஷனுக்குத் திண்டிவனம் ஒரு நிலையம். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருமளவில் இந்த மிஷனின் சபைகளை நாடி வந்தார்கள்.

1890இல் திண்டிவனம் பங்களாவுக்கு ஒரு இளம்பெண் வந்தார். முதல் ஸ்கடரின் பேத்தி, ஐடா சோபியா ஸ்கடர். 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்த அவர், உடல்நலமில்லாத தாய்க்கு உதவியாகச் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகும் எண்ணத்தோடுதான் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், உயர்சாதி இந்து இன்னொருவர். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர். அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்க்க வழக்கம் இடம் கொடுக்காது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த இரவுதான் ஐடாவை மருத்துவக் கல்விக்கு அனுப்பியது. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பி, ஒற்றைப் படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று உலகறிந்த வேலூர் சி.எம்.சி.யின் வேர் இதுதான்.

நன்றியையும் சுகத்தையும் பற்றிப் பேசுகிற எவரும் இந்த இரவிலிருந்து தொடங்குவது நல்லது. அந்த மூன்று பெண்கள் மனநிலை சரியில்லாமல் சாகவில்லை. பிரசவம் பார்க்கத் தெரிந்த பெண் மருத்துவர் ஊரில் இல்லை, இருந்த ஆண் மருத்துவரை உள்ளே விட வழக்கம் சம்மதிக்கவில்லை, அதனால் செத்தார்கள். எந்த ஸ்தோத்திரமும் அந்த வெற்றிடத்தை நிரப்பியிருக்காது. ஐடா ஸ்கடரின் விசுவாசம் அதைப் புரிந்துகொண்டது. அது அவரை மருத்துவக் கல்லூரியின் வகுப்பறைக்குக் கொண்டுபோனது.

உணர்ச்சி உடலை எட்டும் வழி

இந்த எல்லையைக் குறித்துக்கொண்ட பிறகு மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். மனத்தில் நடப்பது உடலுக்கு வெளியே நடப்பதல்ல.

ஒருவருக்குக் கோபமோ பயமோ வரும்போது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் உடனே வேலை செய்யத் தொடங்குகிறது. அங்கிருந்து நரம்பு வழியாகச் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளுக்குச் செய்தி போகிறது. அட்ரினலின் ரத்தத்தில் கலக்க, நாடி வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, செரிமானம் மந்தமாகிறது. சில நிமிடங்கள் கழித்து, பிட்யூட்டரி சுரப்பி வழியாக இரண்டாவது செய்தி போய், கார்ட்டிசால் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. பாம்பைக் கண்டு ஓடுகிறவருக்கு இவை எல்லாமே தேவை. ஆனால் கடன்காரரை நினைத்து, பங்காளியை நினைத்து, மாதக்கணக்கில் இதே நிலை நீடித்தால் கதை வேறு. இரவு பகலாக நிறுத்தாமல் ஓடும் கிணற்று மோட்டாரின் காயில் எரிந்துபோவதைப் போல, காப்பாற்ற வந்த ஏற்பாடே உடலைத் தேய்க்கத் தொடங்குகிறது.

இந்தக் கருத்துக்கு அடித்தளம் போட்டவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் ஆராய்ச்சி செய்தவர். 1936இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அவருடைய சிறு குறிப்பு, பலவகைத் தாக்குதல்களுக்கு எலிகளின் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதை விவரித்தது. அபாய அறிவிப்பு, எதிர்த்து நிற்றல், களைத்துப்போதல் என்று அதை மூன்று கட்டங்களாக அவர் வகுத்தார். 'ஸ்ட்ரெஸ்' என்று இன்று நாம் சொல்வது அவர் வழியாக மருத்துவத்துக்குள் வந்ததே.

பிற்காலத்து ஆய்வுகள் இதை மனிதர்களிடமே அளந்தன. 1991இல் ஷெல்டன் கோயன் குழுவினர் ஆரோக்கியமான 394 பேரின் மூக்கில் சளி வைரஸை இட்டுப் பார்த்தார்கள். மன அழுத்தம் கூடக் கூட நோய் பற்றும் வாய்ப்பும் கூடியது. 1995இல் ஜேனிஸ் கீகோல்ட் கிளேசர் குழுவினர், மறதி நோயுற்ற உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களின் தோலிலும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களின் தோலிலும் ஒரே அளவில் சிறு காயம் செய்து கவனித்தார்கள். பராமரிப்பவர்களின் காயம் ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. அதே ஆண்டு, மாரடைப்பு வந்த 1,623 பேரை ஆராய்ந்த முர்ரே மிட்டில்மன் குழு, கடுங்கோபத்துக்குப் பிந்திய இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்வதைக் கண்டது. 2004இல் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, புகைபிடித்தல், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மன அழுத்தத்தையும் மாரடைப்பின் முக்கியக் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

பொறாமை எலும்பை அரிக்கும் என்றும், மகிழ்ந்த மனம் மருந்துபோல் நன்மை செய்யும் என்றும் நீதிமொழிகள் புத்தகம் எழுதி வைத்திருக்கிறது. திருக்குறள் வெகுளாமைக்கும் அழுக்காறாமைக்கும் செய்ந்நன்றியறிதலுக்கும் தனித்தனி அதிகாரம் ஒதுக்கியது. இவை ஆய்வுக்கூட முடிவுகளல்ல. மனிதரை நெடுங்காலம் கவனித்தவர்களின் அறிவு. அறிவியல் இப்போது அந்த அறிவுக்கு அளவுகளைச் சேர்த்திருக்கிறது.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

மரபறிவு, அறிவியல் என்ற இந்த இரண்டு ஓடைகளும் ஒரே மனிதரிடம் சந்தித்தது தமிழ்நாட்டில்தான். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரித் தம்பதியின் மகனாக 1914இல் பிறந்து, அங்கேயே சிறுபிள்ளைப் பருவத்தைக் கழித்தவர் பால் பிராண்ட். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அங்கிருந்து செங்கல்பட்டு தொழுநோய் நிலையத்துக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துப் போனார். மடங்கிப்போன விரல்களோடிருந்த ஒரு நோயாளியிடம், தன் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். வலிக்கும் அளவுக்கு அந்தப் பிடி பலமாக இருந்தது. தசைகள் சாகவில்லை, சில நரம்புகள் மட்டும் செயலிழந்திருக்கின்றன என்பது அவருக்கு அந்த நொடியில் புரிந்தது. நன்றாக இருக்கும் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சைகள் அங்கிருந்து பிறந்தன.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு இன்னும் ஆழமானது. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் அவர்கள் சுடுபாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், முள் தைத்த காலோடு நடக்கிறார்கள், தூங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பதில்லை. விரல்கள் இப்படித்தான் போகின்றன. எலிக் கடியைத் தடுக்க நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்தனுப்பினார் அவர். உலகம் சாபம் என்று நினைத்த வலியை இந்த அனுபவத்துக்குப் பிறகு அவர் கடவுளின் கொடையாகவே பார்த்தார். அதற்காக நன்றி சொன்னார். பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993இல் அவர் வெளியிட்ட நூல் அந்த நன்றியின் விளக்கம்.

அந்த நூலில் வலியைப் பெருக்கும் ஐந்தை அவர் குறிப்பிடுகிறார்: பயம், கோபம், குற்றவுணர்வு, தனிமை, கையாலாகாத நிலை. அறுவை மருத்துவராகத் தன் படுக்கைகளில் கண்டு சொன்னது இது. ஒருமுறை ஒரு தொழுநோயாளியின் தோளில் கைவைத்து அவர் பேசிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் விம்மி அழத் தொடங்கினார். தவறாக ஏதும் சொல்லிவிட்டேனா என்று பிராண்ட் கேட்டார். இல்லை, பல ஆண்டுகளாக இவரை ஒருவரும் தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறார் என்று விளக்கம் வந்தது. ஒதுக்கப்படுவதும் ஒரு நோய். அதற்கும் சிகிச்சை தேவை என்று அவர் கருதினார். விரல் நிமிர்ந்த பிறகும் பிழைக்க வழியில்லாதவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க நவஜீவ நிலையத்தை அமைத்ததும் அதனால்தான்.

பழிவாங்கும் எண்ணமும் கசப்பும் உடலை மிகவும் வருத்துகின்றன, நன்றியுணர்வே மனிதரை மிகவும் ஊட்டி வளர்க்கிறது என்று செல்யே தம் வாழ்நாள் இறுதியில் கருதியதாக எடுத்துச் சொன்னவரும் பிராண்ட்தான். பிரசங்க மேடைகளில் இந்தக் கருத்து அறிவியல் நிரூபணமாகவே வலம் வருகிறது. இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்ட வேண்டியிருக்கிறது. அது ஒரு ஆய்வாளர் தம் அனுபவத்தைத் திரட்டிச் சொன்ன முடிவு. செல்யேயின் எலிச் சோதனைகள் நன்றியை அளக்கவில்லை. அவருடைய ஆய்வுக்குப் புகையிலை நிறுவனங்கள் பணம் கொடுத்ததும் பிற்பாடு ஆவணங்களோடு வெளிவந்தது. எனவே நன்றிக்கான ஆதாரத்தைப் பெரியவர் ஒருவரின் பெயரில் நிறுத்தாமல், அதை நேரடியாக அளந்த ஆய்வுகளில் தேடுவதே சரி.

நன்றியை அளந்தவர்கள்

2003இல் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்கப்புள்ளி. மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை நன்றிக்குரிய ஐந்து விஷயங்களை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் தொல்லைகளை எழுதினார்கள். மூன்றாம் பிரிவினர் பொதுவான நிகழ்ச்சிகளை. பத்து வார முடிவில் நன்றியை எழுதியவர்கள் உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள். தொல்லைகளை எழுதியவர்களைவிடக் கூடுதலாக உடற்பயிற்சி செய்திருந்தார்கள். நரம்புத் தசை நோயுள்ளவர்களிடம் நடந்த மற்றொரு பகுதியில், நன்றி எழுதியவர்களின் உறக்கம் மேம்பட்டது. ஆனால் மாணவர்கள் இரண்டு வாரம் தினமும் எழுதிய பகுதியில் உடல்நலப் பயன் தெளிவாகத் தெரியவில்லை. இந்தக் கடைசி வரியை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

2009இல் அலெக்ஸ் வுட் குழுவினர் 401 பேரிடம் உறக்கத்தை ஆராய்ந்தார்கள். நன்றியுணர்வு கூடியவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். காரணமும் பிடிபட்டது: படுத்த பிறகு மனத்தில் ஓடும் எண்ணங்களின் தன்மை மாறியிருந்தது. கவலை குறைந்து நல்ல நினைவுகள் கூடியிருந்தன. இரவில் குடும்ப ஜெபம் செய்துவிட்டுப் படுக்கும் நம் வீட்டுப் பழக்கத்தை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அன்றைய நாளின் நன்மைகளைப் பெயர் சொல்லி நினைத்துவிட்டுக் கண்மூடுவது, இந்த ஆய்வு காட்டும் பாதையிலேயே இருக்கிறது.

இதய நோயிலும் சில அறிகுறிகள் உண்டு. அறிகுறி வெளிப்படாத இதயச் செயலிழப்புள்ள 186 பேரை 2015இல் பால் மில்ஸ் குழு ஆராய்ந்தபோது, நன்றியுணர்வு கூடியவர்களுக்கு உறக்கம் நன்றாகவும், சோர்வும் மனத்தளர்ச்சியும் குறைவாகவும் இருந்தன. உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தக் குறியீடுகளும் குறைவாக இருந்தன. அடுத்த ஆண்டு 70 நோயாளிகளிடம் நடந்த சிறு சோதனையில், எட்டு வாரம் நன்றிக் குறிப்பு எழுதியவர்களிடம் அந்தக் குறியீடுகள் இறங்கின.

மிகப் பெரிய ஆய்வு 2024இல் வெளிவந்தது. அமெரிக்காவில் சராசரி வயது 79 உள்ள 49,275 பெண் செவிலியரிடம் நன்றியுணர்வை அளந்து, சுமார் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நன்றியுணர்வு மிகக் கூடிய பிரிவினரின் இறப்பு அபாயம், மிகக் குறைந்த பிரிவினருடையதைவிட 9 சதவீதம் குறைவாக இருந்தது. உடல்நிலை, பொருளாதாரம், ஆராதனைப் பழக்கம், மனத்தளர்ச்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் நின்ற எண் இது.

9 சதவீதம் சிறிய எண்ணல்ல. அற்புத எண்ணும் அல்ல. கவனித்தறியும் ஆய்வில், நன்றி உடல்நலத்தைத் தந்ததா, கொஞ்சம் தெம்பு இருந்ததால் நன்றி வந்ததா என்பதை முழுவதும் பிரித்துவிட முடியாது. 2021இல் டேவிட் கிரெக்கும் ஜெனிபர் சீவன்ஸும் 27 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நன்றிப் பயிற்சிகளால் மனத்தளர்ச்சியும் பதற்றமும் குறைவது சிறிதளவே என்று கண்டார்கள். இவ்வளவையும் எடை போட்டால் கிடைக்கும் முடிவு இதுதான்: உறக்கத்தில் ஆதாரம் நன்றாக இருக்கிறது, இதயத்திலும் அழற்சியிலும் நம்பிக்கை தருகிறது, சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

நன்றிக்கு நேர் எதிரிலுள்ள கசப்பையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹோப் கல்லூரியில் ஷார்லட் விட்வ்லியட் குழு 2001இல் 71 பேரிடம், தங்களைக் காயப்படுத்தியவரைப் பற்றி இரண்டு விதமாக நினைத்துப் பார்க்கச் சொன்னது. வன்மத்தை அசைபோட்டபோது நாடியும் ரத்த அழுத்தமும் தோலின் வியர்வையும் கூடின. மன்னிப்பதாக நினைத்தபோது அவை தணிந்தன. திண்டிவனத்துக்கு மிஷனரிகளை அனுப்பிய அதே சீர்திருத்தத் திருச்சபையோடு இணைந்த கல்லூரி இது. ஊழியக்காரர்களை அனுப்பிய மரபு, தான் பிரசங்கித்த மன்னிப்பை அளந்து பார்க்கவும் அஞ்சவில்லை.

வேதம் வைக்கும் வரிசை

இனி வேதத்துக்கு வருவோம். நன்றியையும் சுகத்தையும் நேரடியாக ஒன்றாக வைத்துச் சொல்லும் நிகழ்ச்சி லூக்கா 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தொழுநோயாளிகள் பத்துப் பேர் தூரத்தில் நின்று இயேசுவை அழைக்கிறார்கள். ஆசாரியர்களிடம் போய்க் காட்டும்படி அவர் அனுப்புகிறார். போகும் வழியில் பத்துப் பேரும் சுத்தமாகிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து காலில் விழுந்து நன்றி சொல்கிறார். அவர் சமாரியர், யூதர்களால் ஒதுக்கப்பட்ட இனத்தவர்.

நன்றி சொல்லாத ஒன்பது பேரைக் கடிந்துகொள்ள இந்தப் பகுதியைப் பயன்படுத்துவது வழக்கம். மற்றவர்கள் எங்கே என்று இயேசு கேட்டது உண்மையே. ஆனால் நிகழ்ச்சியின் வரிசையைக் கவனிக்க வேண்டும். சுகம் முதலில் வந்தது. நன்றி பிறகு வந்தது. ஒன்பது பேர் திரும்பி வராததால் அவர்களுடைய தொழுநோய் திரும்பி வரவில்லை. பத்துப் பேரும் சுகமானார்கள். நன்றி சொன்னவருக்குக் கிடைத்த கூடுதல், தன்னைச் சுகமாக்கியவரோடு ஏற்பட்ட உறவு. நன்றியைச் சுகத்துக்கு முன்நிபந்தனையாக்கும் போதனைக்கு இந்தப் பகுதியில் இடமே இல்லை.

மற்ற இடங்களும் இதையே உறுதிப்படுத்துகின்றன. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், போதும் கர்த்தாவே, சாக வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு எலியா மனம் உடைகிறார். தேவதூதன் அவரிடம் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லவில்லை. தூங்கவிட்டு, எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிடுகிறார். எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யும்படி தெசலோனிக்கேயருக்கு எழுதிய அதே பவுல், அடிக்கடி நோய்ப்படும் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். அக்காலத்தில் அது மருந்து. தன் மாம்சத்து முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்று தம்மைப் பற்றியே எழுதுகிறார். சங்கீதங்களிலோ நன்றிப் பாடல்களுக்கு நிகராக முறையீடுகள் நிறைந்திருக்கின்றன.

கவலையை விட்டு ஸ்தோத்திரத்தோடு வேண்டிக்கொள்ளச் சொல்லும் பிலிப்பியர் நிருபமும் சிறைக்குள் எழுதப்பட்டது. அந்த நன்றியால் விலங்கு தானாகக் கழன்றுவிடும் என்று பவுல் சொல்லவில்லை. இருதயத்தையும் சிந்தையையும் காக்கும் சமாதானத்தைத்தான் வாக்களித்தார்.

வேலூரில் இதற்கு உயிருள்ள உரை எழுதியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பிராண்டோடு தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அத்துறையைக் கட்டியெழுப்பினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய விசுவாசமும் நன்றியும் அவர் கால்களைத் திரும்பத் தரவில்லை. முதுகெலும்பு முறிந்த எத்தனையோ பேருக்கு எழுந்து உட்காரும் வழியைத் தந்தன.

நன்றியின் பெயரால் நேரும் அநீதி

நம் ஊர்களில் நன்றி என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. நிலத்துக்காரர் கொடுத்த கூலிக்கு, கொடுத்த பழைய துணிக்கு, காலங்காலமாகத் தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்த வட்டாரச் சபைகளில் பெரும்பாலோர். உரிமையாகக் கிடைக்க வேண்டியதைப் பிச்சையாகக் கொடுத்துவிட்டு நன்றி கேட்பது அடக்குமுறை. கடவுளிடம் செலுத்தும் நன்றி இதை முறிக்க வேண்டும். உயிரும் மழையும் மண்ணும் அவரிடமிருந்து வந்தவை என்று அறிந்தவர் வேறு எந்த மனிதருக்கும் அடிமையாக நிற்கத் தேவையில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் பயிரும் வீடும் ஆடுமாடும் போயின. உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்வது அப்போது இயல்பாக வரும். அது மனத்தைத் தாங்கியும் பிடிக்கும். அதையே காட்டி, நிவாரணம் கேட்காதே, முறையிடாதே என்று வாயடைத்தால் அது விசுவாசமல்ல. வெளியே சொல்லாமல் அடக்கி வைத்தது உடலில் தங்குகிறது என்பதை 32ஆம் சங்கீதக்காரர் தம் எலும்புகளின் வேதனையாகவே விவரிக்கிறார்.

மனத்தளர்ச்சி நோயுற்றவரிடம் நீ நன்றியுள்ளவனாக இல்லை என்று சொல்வது இன்னும் கொடியது. பிராண்ட் சொன்ன ஐந்தில் குற்றவுணர்வும் தனிமையும் இருக்கின்றன. அந்த ஒரு சொல் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறது. நோயைக் குறைக்க வந்த நன்றி அங்கே நோயை வளர்க்கிறது.

சபைகள் செய்யக்கூடியவை

இரவு ஜெபத்தைப் பொதுவான சொற்களில் முடிக்காமல், அன்று நடந்த மூன்று நன்மைகளைப் பிள்ளைகளையும் சேர்த்துப் பெயர் சொல்லி நினைக்கலாம். செலவில்லாத பழக்கம் இது; உறக்கத்துக்கு உதவும் என்பதற்கு ஆதாரமும் உண்டு. நன்றி மனிதர்களிடமும் போய்ச் சேரட்டும். நமக்கு உதவியவரை நேரில் பார்த்து நன்றி சொல்வது மனச்சோர்வைச் சில வாரங்களாவது குறைக்கிறது என்று மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் காட்டியது. பிரசவம் பார்த்த செவிலியரும், வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரும், ஊரைச் சுத்தம் செய்பவரும் அந்த நன்றிக்கு உரியவர்கள்.

சாட்சி நேரத்தில் சுகம் பெறாதவரும் எழுந்து பேச இடம் வேண்டும். இன்னும் வலிக்கிறது, எனக்காக ஜெபியுங்கள் என்று சொல்ல முடிகிற சபையில் ஒருவரும் தனிமையில் நோயைத் தாங்க வேண்டியதில்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வலிப்புக்கும் உள்ள மாத்திரைகளை விசுவாசத்தின் பெயரால் நிறுத்தக் கூடாது என்பதைப் போதகர்கள் பீடத்திலிருந்தே சொல்ல வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும், ஜிப்மருக்கும், சி.எம்.சி.க்கும் போவது ஜெபத்தில் குறைந்ததன் அடையாளமல்ல. மனம் உடைந்தவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். 14416 என்ற டெலி-மனஸ் எண் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது என்பதை ஆலயச் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

அறுப்பின் பண்டிகையில் நெல்லும் பூசணியும் வாழைத்தாரும் ஏலம் போகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கை டயாலிசிஸுக்குப் போகிறவரின் பேருந்துச் செலவுக்கும், கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்கும் ஒதுக்கினால், விளைச்சலுக்காகச் சொல்லும் நன்றி ஒரு உடலை நேரடியாகத் தொடும். ஆய்வுகள் காட்டும் சிறு நன்மைகள் நன்றி சொல்பவரின் உடலோடு நின்றுவிடுகின்றன. நன்றி சேவையாக மாறும்போது கிடைப்பதற்கு அந்த எல்லை இல்லை. வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நல்ல தூக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும் என்ற ஆதாயத்துக்காக விசுவாசி நன்றி சொல்வதில்லை. பெற்றது பெரிது என்று அறிந்ததால் சொல்கிறார். உடலுக்கு வரும் நலம் அதோடு சேர்ந்து வரும் கொடை. அந்தக் கொடை கிடைக்காதவர்களையும் கடவுள் கைவிடவில்லை. சுகம் பெற்றவரின் நன்றி, இன்னும் சுகம் பெறாத அடுத்த வீட்டுக்காரரின் சிகிச்சைக்கு வழி செய்யட்டும். ஒரு சபையின் ஸ்தோத்திரம் எவ்வளவு உண்மையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை.